எலுமிச்சை இலைத்துளைப்பானை வளர்த்து அந்துப்பூச்சியைப் பார்ப்பது எப்படி?

எலுமிச்சைக் கொழுந்தில் வெள்ளி நிறத்தில் நெளிநெளியாகக் கோடு ஓடினால், அது பெரும்பாலும் இலைத்துளைப்பான், அதாவது பில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்ற அந்துப்பூச்சியின் புழு, இலைக்குள் குடைந்த சுரங்கம். நாரத்தை, சாத்துக்குடி, பம்ளிமாஸ், வில்வம் என எலுமிச்சைக் குடும்பச் செடிகளிலும் தேடலாம். முற்றிய இலையில் பழைய கோடுகள்தான் இருக்கும். தாய்ப்பூச்சி முட்டையிடுவது இளங்கொழுந்தில்தான்.

முதலில் இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். சுரங்கத்தின் நடுவே எச்சம் ஒற்றைக் கருங்கோடாகத் தெரிய வேண்டும். (தக்காளி, அவரை இலைகளில் வருவது வேறு. அது ஈயின் புழு; எச்சம் இரு ஓரத்திலும் மாறி மாறிக் கிடக்கும்.)

அடுத்தது இலையைத் தேர்ந்தெடுப்பது. பலருக்கும் தவறுவது இங்கேதான். புழு தெரிகிறது என்று இலையைப் பறித்தால், இலை வாடும்போதே புழுவும் செத்துவிடும். அது சாறு குடித்து வாழ்வது. இன்னொரு இலைக்கு மாறிப் புதிதாகத் துளைக்க அதனால் முடியாது. ஆகவே கூட்டுப்புழுவாகிவிட்ட இலையைத்தான் தேட வேண்டும். சுரங்கம் இலை விளிம்பில் முடிந்து, அந்த விளிம்பு மடித்துத் தைத்த துணி ஓரம்போலச் சுருண்டிருக்கும். மடிப்பைப் பிரிக்காதீர்கள், உள்ளே இருப்பது காய்ந்துவிடும். மடிப்பிலிருந்து மெல்லிய கூட்டுத்தோல் நீட்டிக்கொண்டிருந்தால் பூச்சி ஏற்கெனவே பறந்துவிட்டது.

இலையை மட்டும் பறிக்காமல், 10 செ.மீ. கிளைத்தண்டோடு வெட்டிச் சின்னத் தண்ணீர்க் குப்பியில் செருகுங்கள். குப்பியின் வாயைப் பஞ்சால் அடையுங்கள், இல்லையென்றால் வெளிவரும் பூச்சி தண்ணீரில் விழுந்துவிடும். குப்பியைக் கண்ணாடி ஜாடிக்குள் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம். உள்ளே வியர்த்து, இறக்கை ஒட்டிக்கொள்ளும். ஜாடியின் அடியில் உலர்ந்த டிஷ்யூ, மேலே நெருக்கமான மல் துணி. கொசுவலை போதாது, பூச்சியின் நீளமே சுமார் 2 மி.மீ.தான். வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

சூட்டைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று வாரம் ஆகலாம். விடியற்காலையில் பாருங்கள், பெரும்பாலும் அப்போதுதான் வெளிவரும். வெள்ளிபோல் மின்னும் முன்னிறக்கைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கரும்புள்ளி. அந்தப் புள்ளியைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம்.

அந்துக்குப் பதிலாகக் குட்டிக் குளவி வந்தாலும் உங்கள் வேலை வீணில்லை. புழுவையோ கூட்டுப்புழுவையோ தின்று வளர்ந்த ஒட்டுண்ணி அது. அதே செடியருகே திறந்து விடுங்கள், அந்தச் செடிக்கு மருந்தடிக்காதீர்கள்.