வேலட் பார்க்கிங்கில் கார் அடிபட்டால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடிபட்ட வண்டியைப் பார்த்து, எப்படி அடிபட்டது, சரிசெய்ய எவ்வளவு ஆகும், பாலிசியில் வருமா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஓட்டல் வாசலில் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய், திரும்பி வரும்போது அடிபட்ட வண்டியை வாங்கிக்கொண்டவர்களின் ஃபைல்கள் அடிக்கடி வருகின்றன. ஆள்தான் மாறுகிறார், செய்கிற தப்பு மாறுவதே இல்லை. முதல் கார் வாங்கியவர்கள்தான் இதில் அதிகம். சாவி கொடுக்கும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், லேப்டாப்பை சீட்டில் விடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதைத் தாண்டி நடப்பவற்றைச் சொல்கிறேன்.

‘ஓனர்ஸ் ரிஸ்க்’ என்ற வரியைப் பார்த்துப் பின்வாங்குவது

சாவியை வாங்கிக்கொண்டு தரும் டோக்கனின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும்: வாகனம் உரிமையாளரின் பொறுப்பிலேயே நிறுத்தப்படுகிறது, இழப்புக்கோ சேதத்துக்கோ நிர்வாகம் பொறுப்பல்ல. இதைப் படித்ததும் பலர் ‘நாமதான் ஒத்துக்கிட்டோமே’ என்று பேசாமல் போய்விடுகிறார்கள்.

அந்த வரிக்கு அவ்வளவு பலம் கிடையாது. 1998-ல் டெல்லி தாஜ் மஹால் ஓட்டலில் ஒரு விருந்தினர் தன் மாருதி ஜென் காரை வேலட்டிடம், அதாவது வண்டியை வாங்கிக்கொண்டுபோய் நிறுத்தும் ஓட்டல் ஊழியரிடம், கொடுத்தார். மேஜையில் இருந்த சாவியை வேறு ஆட்கள் எடுத்து, வண்டியையே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி அவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு ஓட்டல் மீது வழக்குப் போட்டது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வண்டியை ஓட்டல் ஊழியரிடம் ஒப்படைத்த பிறகு, அதைப் பத்திரமாகத் திருப்பித் தரும் கடமை ஓட்டலுக்கு உண்டு. தங்கள் கவனக்குறைவால் இது நடக்கவில்லை என்று முதலில் நிரூபிக்க வேண்டியது ஓட்டல்தான். அதை நிரூபித்த பிறகுதான் டோக்கனில் அச்சடித்த வரியைப் பற்றிப் பேசவே முடியும். பார்க்கிங் இலவசம்தானே என்ற வாதமும் அங்கே எடுபடவில்லை.

அடிப்படைச் சட்டம் ரொம்பப் பழையது. 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு. அடுத்தவர் பொருளை வாங்கி வைத்திருப்பவர், விவேகமுள்ள சாதாரண மனிதர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலட் டிரைவர் தூணில் கொண்டுபோய் இடித்தால் அந்தக் கவனம் இருந்ததாகச் சொல்வது கஷ்டம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நீங்களே ஓட்டிப்போய் நிறுத்தி, சாவியையும் பாக்கெட்டில் வைத்துக்கொண்டால் நிலைமை வேறு. அங்கே நீங்கள் வண்டியை யாரிடமும் ஒப்படைக்கவில்லை, ஓட்டல் மீது கேட்பதற்கான பிடி அந்த அளவுக்குத் தளர்ந்துவிடும்.

போர்ட்டிகோவிலேயே கையெழுத்துப் போட்டு முடித்துக்கொள்வது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. படித்தவர்கள், கம்பெனியில் ஒப்பந்தங்களைப் பார்த்தே பழகியவர்கள்கூட இதில் விழுகிறார்கள்.

ஒருவருடைய வண்டியைச் சொல்கிறேன். வாங்கிச் சில மாதமே ஆன கார். வேலட்டிலிருந்து வரும்போது பின் பம்பரின் இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிராய்ப்பு. டூட்டி மேனேஜர் ஓடி வந்தார், மன்னிப்புக் கேட்டார், காப்பி கொடுத்தார். ‘நம்ம ஒர்க்‌ஷாப் இருக்கு சார், பெயின்ட் அடிச்சுப் புதுசு மாதிரி தந்துடறோம்’ என்றார். அப்புறம் ஒரு தாளை நீட்டினார். ‘என் வாகனம் தொடர்பான பிரச்சினை முழுமையாகத் தீர்க்கப்பட்டது, இனி ஓட்டல் மீது எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை.’ வேலை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. இவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பெயின்ட் பளபளவென்றுதான் வந்தது. ஆனால் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் பின்னால் எதுவுமே இல்லாமல் சென்சார் கத்தியது. டிக்கியை மூட இரண்டு தடவை ஓங்கி அடிக்க வேண்டியிருந்தது. மழையில் ஸ்டெப்னி குழியில் தண்ணீர் தேங்கியது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பம்பரைக் கழற்றினார்கள். உள்ளே குறுக்கு இரும்பு வளைந்திருந்தது, பின் பேனல் மடிந்திருந்தது, உடைந்துபோன சென்சார் பிடியைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

இதில் அதிசயம் எதுவும் இல்லை. இப்போதைய பம்பர் வெறும் பிளாஸ்டிக் உறை. இடி வாங்கும்போது உள்ளே அமுங்கும், உடனே பழையபடி வெளியே வந்துவிடும். பின்னால் இருக்கும் இரும்பு திரும்பி வராது. வெளியே சின்னக் கீறல், உள்ளே பெரிய செலவு என்பது என் வேலையில் சாதாரணம். முன்பக்க ரேடாரோ கேமராவோ உள்ள வண்டியானால், பார்வைக்கு ஒன்றுமே இல்லாவிட்டாலும் அதன் கோணம் மாறியிருக்கலாம், அதைத் திரும்ப அளந்து சரிசெய்வது தனிச் செலவு. எதுவானாலும் கழற்றிப் பார்க்காமல் யாராலும் தொகை சொல்ல முடியாது, என்னாலும்தான்.

அந்த ஒரு கையெழுத்து இவருக்கு மூன்று கதவுகளை அடைத்தது. ஓட்டல் அந்தத் தாளைக் காட்டியது. இன்சூரன்ஸுக்கு வந்தபோது வண்டி ஏற்கெனவே வேலை பார்க்கப்பட்டிருந்தது. எது அன்றைய அடி, எது ஒர்க்‌ஷாப்பில் ஆனது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்றாவது, பலருக்கும் தெரியாத ஒன்று. கிளைம் கொடுத்த பிறகு, தவறு செய்தவரிடமிருந்து அந்தப் பணத்தை வசூலிக்கும் உரிமை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வந்துசேரும். டெல்லி வழக்கு நடந்ததே அந்த உரிமையில்தான். ‘கோரிக்கை இல்லை’ என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் கம்பெனியின் உரிமையையும் சேர்த்துத் தாரைவார்த்துவிடுகிறீர்கள். அதன் பிறகு கம்பெனி உங்கள் கிளைமை மறுத்தால், எதிர்த்துப் பேச வலுவே இருக்காது.

கையெழுத்துக் கேட்டால் இப்படி எழுதிப் போடுங்கள்: ‘டோக்கன் எண் இன்னது, வண்டி எண் இன்னது, இத்தனை மணிக்கு ஓட்டல் ஊழியர் ஓட்டி வந்தபோது பின் பம்பரில் சேதம் இருந்தது. கழற்றிப் பார்த்த பிறகு தெரியவரும் சேதம் உட்பட, பழுதுபார்க்கும் செலவை ஓட்டல் ஏற்கிறது.’ மேனேஜர் பெயர், பதவி, கையெழுத்து. அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் நடந்ததை மட்டும் எழுதி, அங்கிருந்தே ஓட்டலின் மெயிலுக்கு அனுப்புங்கள். டோக்கனைத் திருப்பிக் கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் போட்டோ. சமாதானமாகப் போக விருப்பமா, தாராளமாகப் போங்கள். எஸ்டிமேட் கையில் வந்த பிறகு, வேலை முடிந்து வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகு போங்கள்.

கையெழுத்தே இல்லாத இன்னொரு சமாதானமும் உண்டு. வேலட் பையன் ஓரமாக வந்து, ‘மேனேஜர்கிட்ட சொல்லாதீங்க சார், சம்பளத்துல பிடிச்சுடுவாங்க’ என்று கையில் இருக்கும் பணத்தை நீட்டுவான். தயவுசெய்து வாங்காதீர்கள். அவன் ஒரு மாதச் சம்பளமே உங்கள் பம்பருக்குப் போதாது. ஊழியர் வேலை நேரத்தில் செய்த தவறுக்கு முதலாளிதான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பையன் மீது கோபப்படாமல் ஓட்டலிடம் எழுத்தில் கேட்பதுதான் அவனுக்கும் நியாயம்.

கேட்டைத் தாண்டிய பிறகு பார்ப்பது

வண்டியை ஒரு விளக்கின் கீழ் நிறுத்தச் சொல்லிச் சுற்றி வாருங்கள். பாடியை மட்டும் பார்த்தால் போதாது. அலாய் வீல் விளிம்பையும் டயரின் பக்கச் சுவரையும் குனிந்து பாருங்கள். பேஸ்மென்ட் சாய்தளத் திருப்பத்தில் உரசுவது அங்கேதான். வீட்டுக்குப் போன பிறகுதான் கண்ணில் பட்டது என்றால், அன்றிரவே போட்டோவோடு மெயில் போடுங்கள். ஒவ்வொரு நாள் கடக்கும்போதும், ‘அது வேறெங்கோ ஆகியிருக்கும்’ என்று சொல்ல அவர்களுக்கு இடம் கிடைக்கிறது.

‘அது ஏஜென்சி ஆள், எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்பதை நம்புவது

நீங்கள் சாவி கொடுத்தது ஓட்டல் வாசலில், ஓட்டல் பெயர் போட்ட டோக்கனுக்கு. அவர்களுக்குள் இருக்கும் ஒப்பந்தம் அவர்கள் பாடு. புகார் எழுதும்போது ஓட்டல், ஏஜென்சி இரண்டின் பெயரையும் சேருங்கள்.

சிசிடிவி காட்சியை வாயால் கேட்பது

எழுத்தில் கேளுங்கள், அன்றைக்கே. பழைய பதிவின் மேல் புதுப் பதிவு ஏறிக்கொண்டே இருக்கும்.

டேஷ்கேமை (காருக்குள் பொருத்தியிருக்கும் பதிவுக் கேமராவை) அணைத்துக் கொடுப்பது

அணைக்காதீர்கள்.

கிளைம் படிவத்தில் ‘நானே ஓட்டினேன்’ என்று எழுதுவது

விஷயம் சுலபமாக முடியும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். சில சமயம் ஒர்க்‌ஷாப்பிலேயே சொல்வார்கள். செய்யாதீர்கள். வேலட் டிரைவர் ஓட்டியபோது அடிபட்டது என்பது கிளைமுக்குத் தடையே இல்லை. சாதாரண தனியார் கார் பாலிசியில், செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள எவரும் உங்கள் அனுமதியோடு ஓட்டலாம். பொய் சொன்னால்தான் தடை. நான் போய் விசாரிக்கும்போது ஓட்டல் கேமராவில் வேறொருவர் ஓட்டுவது தெரிந்தால், நியாயமாக வரவேண்டிய பணமும் வராது. டிரைவரின் லைசென்ஸை அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தர மறுத்தாலோ, லைசென்ஸே இல்லை என்றாலோ, அதையும் மெயிலில் எழுதுங்கள். ஓட்டலின் கவனக்குறைவுக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை.

சின்னக் கீறலுக்கு அவசரப்பட்டு கிளைம் போடுவது

கிளைம் போட்டால் கட்டாயப் பிடித்தம் உண்டு, அந்தத் தொகையை நீங்களே ஏற்க வேண்டும். 1500 சிசி வரையுள்ள இன்ஜினுக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். அது போகட்டும், நோ கிளைம் போனஸ்தான் பெரிது. கிளைம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதத்தில் ஆரம்பித்து 50 சதவீதம் வரை போகும் தள்ளுபடி, ஒரே கிளைமில் பூஜ்யத்துக்கு வந்துவிடும். முதலில் ஓட்டலிடம் கேளுங்கள். ஆனால் அந்தப் பேச்சு முடியட்டும் என்று இன்சூரன்ஸுக்குத் தகவல் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். தகவல் சொல்வது வேறு, கிளைமை எடுத்துச் செல்வது வேறு. கிளைமாகவே போனால், பிடித்தத் தொகையையும் இழந்த போனஸையும் ஓட்டலிடம் தனியாகக் கேட்கலாம்.

‘பார்த்துக்கலாம்’ என்று வருஷத்தைக் கடத்துவது

நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஓட்டல் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். ஓட்டலுக்கு நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. டோக்கன் போட்டோ, ஓட்டல் பில், அன்றைய மெயில், சேதத்தின் படங்கள், பம்பரைக் கழற்றிய பிறகு கொடுத்த எஸ்டிமேட், இவ்வளவையும் இணைத்துக் கொடுத்தால் போதும்.