மலைக் குடியிருப்பின் கழிவுநீர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டில் நாற்பது வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்புக்கான சுத்திகரிப்பு நிலையத்தின் வரைபடத்தை, சேலத்திலிருந்து வந்த இரண்டு இளம் பொறியாளர்கள் சென்ற மாதம் என்னிடம் காட்டினார்கள். பம்பின் திறனும் தொட்டிகளின் அளவும் சரியாகவே இருந்தன; ஆனால் இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழை அதில் ஒரு மெல்லிய கோடாக வரையப்பட்டிருந்தது. அடைப்பு, கசிவு போன்றவற்றைத் தளத்தில் ஒரு வாரம் நின்றாலே கற்றுக்கொள்ளலாம் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

கூரை நீரைக் கழிவுநீர்க் குழாயில் விடுவது

அந்தக் கோடு, கூரையிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயை வீட்டின் பின்புறச் சேம்பரில், அதாவது கழிவுநீர்க் குழாயைத் திறந்து பார்க்கும் சிறு தொட்டியில், இணைத்தது. சரிவில் பாறையை உடைத்துத் தனி வடிகால் எடுப்பது செலவு என்று பிளம்பர் சொன்னதும் அன்று நானும் தலையாட்டினேன். ஒரு தாளில் கணக்குப் போட்டிருந்தால் ஆட்டியிருக்க மாட்டேன். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. மழை விழுந்தால் 5,000 லிட்டர். நாற்பது வீடுகளுக்கு 2,00,000 லிட்டர். வீட்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு 100 லிட்டர் என்று வைத்தால் அன்றாடக் கழிவுநீர் 20,000 லிட்டர்தான். பத்து நாள் நீர் ஓர் இரவில் வந்து சேரும்.

எனக்கு அது ஓர் ஐப்பசி இரவில் வந்தது. காற்றூட்டும் தொட்டியில் மாதக்கணக்கில் வளர்த்த, கழிவைத் தின்று நீரைத் தெளியவைக்கும் நுண்ணுயிர்க் கசடு, அடுத்த தொட்டியில் படிய நேரமில்லாமல், விளிம்பைத் தாண்டிப் பழுப்பாக ஓடைக்குள் இறங்கிக்கொண்டிருந்ததை விடியற்காலையில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். காற்றூட்டும் தொட்டியின் நீரை எடுத்து வைக்கும் ஒரு லிட்டர் ஜாடியில் அரை மணி நேரத்தில் 300 மி.லி. படிந்துவந்த கசடு அன்று ஒரு விரல் தடிமனுக்குக்கூடப் படியவில்லை. சேலத்தில் இயங்கிவந்த ஒரு நிலையத்திலிருந்து டேங்கர் லாரியில் கசடு ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொண்டுவந்து ஊற்றிய பிறகும், நீர் தெளிய மூன்று வாரங்கள் ஆயின. வடிகாலில் மிச்சப்படுத்திய தொகையைவிட லாரி வாடகையே அதிகம்.

சமன்படுத்தும் தொட்டியைப் பெரிதாக்கினால் போதாதா என்று இருவரில் ஒருவர் கேட்டார். காலையிலும் மாலையிலும் கூடிக்குறையும் வீட்டு நீருக்கான தொட்டி அது; மலைமழையைப் பிடித்துவைக்க அதனால் முடியாது. கூரை நீரைப் பிரித்த பிறகும் மேற்கூரை இல்லாத துவைகல் மேடை, தரைமட்டத்துக்குக் கீழே அமைந்த சேம்பர் மூடி ஆகியவற்றின் வழியாக மழை உள்ளே புகும். கனமழையின்போது இரவு இரண்டு மணிக்கு, ஊர் உறங்கும் நேரத்தில், கடைசிச் சேம்பரைத் திறந்து பாருங்கள். தெளிந்த நீர் வேகமாக ஓடினால் எங்கோ மழைநீர் உள்ளே வருகிறது.

கடலோர வடிவமைப்பைப் படியெடுப்பது

அந்த இளம் பொறியாளர்களின் வரைபடம் ஒரு கடலோர விடுதியின் வடிவமைப்பைப் பார்த்து வரையப்பட்டதாம். கடலோர நீரில் பாசிப் பெருக்கத்தைத் தூண்டுவது பெரும்பாலும் நைட்ரஜன். நன்னீர் ஏரியில் பெரும்பாலும் பாஸ்பரஸ். ஏற்காட்டில் நாம் காக்க வேண்டியது நன்னீர் ஏரியை; அது நிரம்பி வழியும் நீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது. ஆகவே இங்கே படிகாரம் சேர்த்துப் பாஸ்பரஸைப் படியவைப்பதையோ, சுத்திகரித்த நீரை ஓடையில் விடாமல் தோட்டத்துக்குப் பாய்ச்சுவதையோ முதலில் யோசிக்க வேண்டும்.

இரவில் ப்ளோயரை நிறுத்துவது

தொட்டிக்குள் காற்றை ஊதும் இயந்திரம் அது; நின்றால் நுண்ணுயிர்கள் காற்றில்லாமல் தவிக்கும். மிச்சமாகும் மின்கட்டணம் காலையில் நாற்றமாகத் திரும்பிவரும்.

தொட்டிக்குள் ஆளை இறக்குவது

கூடவே கூடாது, நச்சுவாயு சில நொடிகளில் ஆளைச் சாய்த்துவிடும், பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் கழிவுத் தொட்டியில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை, கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013 ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்கிறது.