குய்லின்: லி ஆற்றை எந்த மாதம், எந்த இடத்தில் பார்ப்பது

படங்களில் பார்த்து மயங்கிய சுண்ணாம்புக்கல் குன்றுகள் நெருங்கி நிற்பது சீனாவின் குய்லின் நகரத்துக்குள் அல்ல. தெற்கே, லி ஆற்றில் யாங்டி முதல் ஷிங்பிங் வரையுள்ள பகுதியில். அதனால் நகரத்தில் ஒரு இரவு போதும். மிச்ச நாட்களை ஆற்றங்கரை ஊர்களான ஷிங்பிங்குக்கோ யாங்ஷுவோவுக்கோ கொடுங்கள்.

முதலில் மாதம். ஏப்ரல் முதல் ஜூன் வரை கனமழை; ஆறு கலங்கி ஏறினால் படகையும் தெப்பத்தையும் நிறுத்திவிடுவார்கள். குளிர்காலத்தில் தண்ணீர் வற்றுவதால் பெரிய படகுகளின் பாதையைச் சுருக்குவதுண்டு. அக்டோபர் பாதி முதல் நவம்பர் வரை போவதே நல்லது. அக்டோபர் முதல் வாரம் சீனாவின் தேசிய விடுமுறை, கூட்டம் தாங்காது.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் முன்கூட்டியே சுற்றுலா விசா எடுக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். கிளம்பும் முன்பே அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியில் வங்கி அட்டையை இணைத்துவிடுங்கள். சின்னக் கடையிலும் கியூஆர் குறியீடுதான். கூகுள் வரைபடம் அங்கே உதவாது, ஆமேப் செயலி வேண்டும். தங்குமிடத்தின் பெயரைச் சீன எழுத்தில் சேமித்து வைத்தால் டாக்சிக்காரரிடம் காட்டலாம்.

குவாங்சோவிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: ‘யாங்ஷுவோ’ ரயில் நிலையம் யாங்ஷுவோ ஊரில் இல்லை, ஷிங்பிங் பக்கம் இருக்கிறது. ஊருக்குப் பேருந்தில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். ஷிங்பிங்கில் தங்குபவர்களுக்கு அதுவே வசதி.

குய்லினிலிருந்து யாங்ஷுவோ போகும் பெரிய படகு காலையில் கிளம்பி நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். பயணிகளை ஏற்றுவது கீழ்நோக்கி மட்டுமே, திரும்புவது பேருந்தில். துறை நகரத்துக்கு வெளியே இருப்பதால் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். பயணச்சீட்டில் உள்ள கடவுச்சீட்டு எண் சரியாக இருக்க வேண்டும். யாங்டி தாண்டியதும் மேல்தளத்துக்குப் போய்விடுங்கள், குதிரை உருவங்கள் தெரிவதாகச் சொல்லப்படும் ஒன்பது குதிரைப் பாறை அதற்குப் பிறகுதான் வரும்.

நேரம் குறைவானவர்கள் யாங்டியிலிருந்து தெப்பம் பிடிக்கலாம். மூங்கில் தெப்பம் என்பார்கள். உண்மையில் பிவிசி குழாயும் மோட்டாரும், இரைச்சல் அதிகம். கழி ஊன்றித் தள்ளும் அமைதியான தெப்பம் வேண்டுமென்றால் கிளையாறான யூலோங்குக்குப் போக வேண்டும். அங்கே ஒரு தெப்பத்தில் இருவர். சிறு தடுப்பணைகளில் சறுக்கி இறங்கும்போது கால் நனையும், போனை நீர்புகாப் பையில் போடுங்கள்.

20 யுவான் நோட்டின் பின்புறக் காட்சி ஷிங்பிங் ஆற்றங்கரையில் உள்ளது. விடியற்காலையில் போங்கள், படகுகள் வருமுன் நீரில் குன்றின் நிழல் கலையாமல் கிடக்கும். அங்கேயே உள்ள லாவோஜாய் குன்றின் படிகள் மிகச் செங்குத்து. மழை பெய்த மறுநாள் சுண்ணாம்புக்கல் வழுக்கும், ஏறாதீர்கள்.

சைவர்கள் கவனிக்க: அரிசி நூடுல்ஸின் சாறு பெரும்பாலும் எலும்பில் காய்ச்சியது. ‘வோ ச்சி சூ’, அதாவது ‘நான் சைவம்’, என்று வாங்கும் முன்பே சொல்லுங்கள்.