பொறியியலாளருக்கு அனுப்பும் முன் ஓட்டோகாட் கோப்பை ஆயத்தம் செய்வது எப்படி?

பரந்தன் பக்கம் ஒரு வீட்டுக்கு அத்திவாரம் வெட்ட முளை அடித்த காலை. அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்தபடி மேசன் ஐயா என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, உங்கள் படத்தில் வீடு 40 அடி. பொறியியலாளரின் படத்தில் 40 அடி 10 அங்குலம். நான் எதற்கு வெட்டுவது?"

இரண்டு படங்களும் ஒரே ஓட்டோகாட் (கணினியில் படம் வரையும் மென்பொருள்) கோப்பிலிருந்து வந்தவை. அந்தப் 10 அங்குலம் எங்கிருந்து முளைத்தது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு இரவுகள் பிடித்தன. நல்லவேளையாக மண் வெட்டத் தொடங்கவில்லை. இப்போது படம் வரையப் பழகுகிறவர்கள் அந்த இடத்தில் நிற்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தனிப் பிரதி எடுங்கள்

மூலக் கோப்பைத் தொடாமல், திகதியோடு புதிய பெயரில் ஒரு பிரதி எடுங்கள். கட்டில், கதிரை, செடி, வாகனம், நிரப்புக் கோலங்கள் எல்லாவற்றையும் அதிலிருந்து அழித்துவிடுங்கள். அவை இருக்கும் லேயரை (படத்தின் அடுக்கை) உறைய வைத்து மறைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உறைந்த லேயரும் கோப்போடுதான் போகிறது, யாராவது ஒருவர் அதைத் திறந்துவிடுவார். சுவர், கதவு யன்னல் வெளிகள், படிக்கட்டு, அச்சுக் கோடுகள், தளத்தில் விடும் துவாரங்கள், மட்டங்கள் இவை இருந்தால் போதும்.

தண்ணீர்த் தொட்டியை மட்டும் தளபாடம் என்று நினைத்து அழிக்காதீர்கள். 1000 லீற்றர் தொட்டி நிறைந்தால் தண்ணீரின் பாரம் மட்டுமே ஒரு தொன். எங்கள் ஊர்களுக்கு இன்னொன்றும் உண்டு. மேல்மாடி அறையில் நெல் மூட்டை அடுக்கும் எண்ணம் வீட்டுக்காரருக்கு இருந்தால், அறையின் பெயராக "படுக்கையறை" என்று எழுதாமல் "நெல் வைக்கும் அறை" என்றே எழுதுங்கள். ஒரு மீட்டர் உயரத்துக்கு நெல் அடுக்கினால் சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தாண்டும். படுக்கையறைக்கு வழக்கமாகக் கணக்கிடும் சுமையோ 150 முதல் 200 கிலோ வரைதான். படத்தில் எழுதாததைப் பொறியியலாளர் எப்படி அறிவார்?

அலகு: நான் தடுக்கி விழுந்த இடம்

வீட்டுக்காரர் அடியில் பேசுவார். நில அளவையாளரின் படம் மீட்டரில் வரும். பொறியியலாளர் மில்லிமீட்டரில் கேட்பார். ஓட்டோகாட்டுக்கு இவை எதுவும் தெரியாது. அதற்கு 3658 என்பது வெறும் எண். அந்த எண் எந்த அலகில் என்பதை 'இன்ஸ்யூனிட்ஸ்' என்ற அமைப்பே மற்றக் கோப்புகளுக்குச் சொல்கிறது. அதன் மதிப்பு 1 என்றால் அங்குலம், 4 என்றால் மில்லிமீட்டர், 6 என்றால் மீட்டர்.

நான் மில்லிமீட்டரில் வரைந்திருந்தேன். அமைப்போ 1 இல் நின்றது. பொறியியலாளர் தன் கோப்புக்குள் என் படத்தைச் செருகியதும் அது 25.4 மடங்கு பெருத்தது. அவர் பதறாமல், விறாந்தையின் நீளத்துக்கு நான் போட்டிருந்த 3658 என்ற அளவை ஆதாரமாக வைத்து, முழுப் படத்தையும் அதற்கேற்பச் சுருக்கிவிட்டார். அனுபவம் உள்ள எவரும் அப்படித்தான் செய்வார்.

ஆனால் அந்த 3658 பொய். சுவர் உண்மையில் 3581 இல் நின்றது, அதாவது 11 அடி 9 அங்குலம். வீட்டுக்காரர் 12 அடி கேட்டபோது, சுவரைப் பிறகு நகர்த்தலாம் என்று அளவின் எழுத்தை மட்டும் தட்டி மாற்றியிருந்தேன், பிறகு மறந்துபோனேன். 3 அங்குலப் பொய், வீடு முழுவதையும் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் நீட்டியது. 40 அடியில் அது 10 அங்குலம். மற்ற அளவுகளும் கூடவே மாறியதால் அவருடைய படத்தில் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி நின்றன; சந்தேகப்பட இடமே இருக்கவில்லை.

ஆகவே அனுப்புமுன் இதைச் செய்யுங்கள். இன்ஸ்யூனிட்ஸ் என்று தட்டி 4 கொடுங்கள். பிறகு 'டிஸ்ட்' கட்டளையால் அகலம் தெரிந்த ஒரு கதவை அளந்து பாருங்கள். 900 கதவு 900 என்றே காட்ட வேண்டும், 0.9 அல்லது 35.4 வந்தால் வரைந்த அலகே வேறு, 'ஸ்கேல்' கட்டளையால் படத்தைச் சரியான அளவுக்கு மாற்றாமல் மேலே போகாதீர்கள். அடுத்து 'டிம்எடிட்' தட்டி, புதிய எழுத்து என்ற தெரிவை எடுத்து, பெட்டிக்குள் இருப்பதை மாற்றாமல் அப்படியே விட்டு, எல்லா அளவுகளையும் தெரிவு செய்யுங்கள். கையால் தட்டியவை மறைந்து உண்மை அளவுகள் வெளியே வரும். எந்த எண் மாறுகிறதோ அங்கே சுவரைத் திருத்துங்கள், எழுத்தைத் தொடாதீர்கள்.

படத்தின் ஓரத்தில் 1000 மில்லிமீட்டர் நீளமான ஒரு கோடு வரைந்து, "இது 1000" என்று எழுதிவிடுவது என் வழக்கமாகிவிட்டது. பெறுகிறவர் முதலில் அதை அளந்து பார்த்தால் போதும்.

நில அளவைப் படமும் மட்டமும்

நில அளவையாளரின் படம் தேசிய ஆள்கூறுகளில் வரும். கிளிநொச்சியில் வடக்கு மதிப்பு 760,000 மீட்டர் அளவில் இருக்கும். அங்கேயே வைத்து வரைந்தால், பொறியியலாளர் ஈடாப்ஸ் போன்ற கட்டமைப்புக் கணிப்பு மென்பொருளுக்குள் எடுக்கும்போது படம் பூச்சியத்திலிருந்து எங்கோ தொலைவில் கிடக்கும். வீட்டின் ஒரு மூலைத் தூணின் அச்சுச் சந்தியைப் பூச்சியத்துக்கு நகர்த்தி, பழைய ஆள்கூற்றைக் குறிப்பாக எழுதுங்கள். அளவைப் புள்ளிகளோடு உயர மதிப்பும் ஒட்டிக்கொண்டு வரும். 'ஃபிளாட்டன்' கட்டளை அதைத் தட்டையாக்கும்.

மட்டம் எழுதும்போது, அது டைல்ஸ் பதித்து முடித்த தரையா, வெறும் கொங்கிரீட்டா என்று ஒவ்வொரு இடத்திலும் குறிப்பிடுங்கள். இடையே 50 மில்லிமீட்டர் அளவு வித்தியாசம் வரும். படிக்கட்டின் முதற் படியும் கடைசிப் படியும்தான் அதற்கு விலை கொடுக்கும். 0.00 எந்த இடம் என்பதையும் சொல்லுங்கள்: வீதியின் நடுவா, வளவின் மண்ணா? 2018 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊரில் வெள்ளம் நின்ற உயரத்தையும் அதே கணக்கில் குறிப்பது நல்லது. மண்ணின் தன்மையையும் எழுதுங்கள். முருங்கன் பக்கத்துக் கருங்களி மாரியில் ஊதும், கோடையில் வெடிக்கும். அத்திவாரத்தின் வகையே அதனால் மாறலாம்.

கட்டி அனுப்புதல்

படத்தோடு இணைத்திருக்கும் வேறு கோப்புகளை 'பைண்ட்' செய்து ஒரே கோப்பாக்கும்போது 'இன்சர்ட்' வகையைத் தெரிவு செய்யுங்கள். லேயர் பெயர்கள் சிதையாது. பிறகு கோப்பின் பிழைகளைத் திருத்த 'ஆடிட்', பயன்படாதவற்றை நீக்க 'பர்ஜ்'. சேமிக்கும்போது 2013 வடிவம். பழைய பதிப்பு வைத்திருக்கும் பலராலும் அதைத் திறக்க முடியும். கூடவே ஒரு பிடிஎஃப். வட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆவணமாக அனுப்புங்கள்; திரையைப் படம் பிடித்து அனுப்பி அதிலிருந்து அளவு எடுக்கச் சொல்லாதீர்கள்.

பின்சேர்க்கை

இதை வாசித்த புதுக்குடியிருப்பு நண்பர் ஒருவர், தன் படத்தில் இருந்த தமிழ் எழுத்துகள் எல்லாம் பொறியியலாளரின் கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தன என்று எழுதியிருந்தார். பாமினி எழுத்துருவில் தட்டியதுதான் காரணம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்துகளே தெரியும். யூனிகோடில் தட்டி, 'நிர்மலா யூஐ' போன்ற விண்டோஸோடு வரும் எழுத்துருவை அந்த எழுத்துப் பாணிக்குக் கொடுங்கள். ஓட்டோகாட்டின் சொந்த எஸ்எச்எக்ஸ் எழுத்துருக்களில் தமிழ் வராது, கேள்விக்குறிகளே வரும். பழைய படம் முழுவதும் பாமினியில் இருந்தால், 'இட்ரான்ஸ்மிட்' கட்டளையால் கோப்பைப் பொதி செய்யும்போது எழுத்துருக்களையும் சேர்க்கும் தெரிவை இட்டு அனுப்புங்கள். பொறியியலாளர் அந்த எழுத்துருவைத் தன் கணினியில் நிறுவிய பிறகே கோப்பைத் திறக்க வேண்டும்.