ரோட் சுடும்போது எங்கே கெடுகிறது?

ரோட் என்ற பெயரில் காஷ்மீரில் இரண்டு பண்டங்கள் உண்டு. ஸ்ரீநகர் பேக்கரிகளில் பாதாம் போன்ற கொட்டைகள் தூவி, தாம்பாள அகலத்தில் அடுப்பில் சுட்டு, கல்யாணச் சீரோடு போகும் ரோட் ஒன்று. காஷ்மீரி இந்துக்களான பண்டிதர்களின் வீடுகளில் பன் (நூல்) பூஜைக்காக நெய்யில் பொரிக்கும் கோதுமை ரோட் மற்றொன்று. முதலாவதன் செய்முறையை எடுத்துக்கொண்டு பூஜைக்குச் சுட உட்காருவதுதான் இப்போது அதிகம் நடக்கும் தவறு. சில பேக்கரி வகைகளில் முட்டையும் சேரும். அது பிரசாதத்துக்கு ஆகாது.

விநாயக சதுர்த்திக்கும் அனந்த சதுர்த்தசிக்கும் இடையில் ஒரு நாள் பீப் கரப் மாஜ் அம்மனுக்கு இந்தப் பூஜை. செம்பில் புதுப் பருத்தி நூல் கட்டி, வீட்டின் மூத்த பெண் கதை சொல்ல, மற்றவர்கள் அறுகும் பூவும் கையில் ஏந்திக் கேட்பார்கள். ரோட் அதன்பிறகுதான் வாய்க்குப் போகும். இனிப்புச் சரியா என்று நடுவில் கிள்ளிப் பார்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை சுடுவது, ருசி பார்க்கவும் வழியில்லை. 1990-க்குப் பிறகு காஷ்மீர்ப் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறி ஜம்முவிலும் டெல்லியிலும் சிதறிய குடும்பங்களில் பக்கத்தில் நின்று பதம் சொல்லப் பெரியவர்களும் குறைந்துவிட்டார்கள். ஆகவே அளவு கறாராக இருக்கட்டும்.

கோதுமை மாவு 500 கிராம், மாவில் பிசிற நெய் 125 கிராம், சர்க்கரை 150 கிராம், தண்ணீர் 100 மில்லி, தயிர் ஒரு மேசைக்கரண்டி, இடித்த கறுப்பு ஏலக்காய் விதை ஒரு தேக்கரண்டி. மேலே அழுத்தக் கசகசாவும் பொரிக்க நெய்யும் தனி. 8 ரோட் வரும். பூஜைக்கு மாவை ஒன்றேகால் கணக்கில் அளப்பது வழக்கம்; அப்போது மற்றவற்றையும் அதே விகிதத்தில் கூட்டுங்கள். பச்சை ஏலக்காய் போட்டால் குற்றமில்லை, ஆனால் அந்தப் புகைவாசம் வராது.

சர்க்கரையை அப்படியே மாவில் கொட்டாதீர்கள். கரையாத பரல் நெய்ச் சூட்டில் உருகி, ரோட்டின் மேல் கரும்புள்ளியாகக் கருகும். வெந்நீரில் முழுக்கக் கரைத்து ஆறவிடுங்கள். நெய்யை முதலில் மாவில் பிசிறி, கையில் பிடித்தால் பிடி நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் ரோட் கடிக்க முடியாதபடி இறுகும். நெய் மிஞ்சினால் சட்டியில் உதிரும். பிறகு ஏலக்காயும் தயிரும் சேர்த்து, சர்க்கரைநீரை விட்டுத் திரட்டினால் போதும். சப்பாத்தி மாவு போல அடித்துப் பிசைவதுதான் பலர் ரோட் ரப்பராவதற்குக் காரணம்.

அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் கனத்தில் தட்டி, ஈரக்கை தடவிக் கசகசாவை அழுத்துங்கள். சும்மா தூவினால் அது நெய்யில் உதிர்ந்து கருகும். முள்கரண்டியால் நெருக்கமாகக் குத்தாவிட்டால் பூரியாக உப்பி நடுவில் வேகாது.

சூடுதான் பெரும்பாலும் காலை வாரும். மாவுத் துணுக்கு ஒன்றைப் போட்டால் அடியில் தங்கி, சின்னக் குமிழியோடு மெதுவாக மேலே வர வேண்டும். போட்டதும் துள்ளி எழுந்தால் அடுப்பைத் தணியுங்கள். அந்தச் சூட்டில் நிறம் இரண்டே நிமிடத்தில் வந்துவிடும், உள்ளே பச்சை மாவு இருக்கும். சரியான சூட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடமாவது பிடிக்கும். எடுக்கும்போது வளையும், ஆறினால் விறைக்கும். வளைகிறதே என்று மறுபடி சட்டியில் போடாதீர்கள். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் வியர்த்து நமுத்துவிடும்.

உறவுக்காரர்களுக்கு அனுப்பாமல் ரோட் முடியாது. ஆனால் ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசாவுக்குத் தடை உண்டு. துபாய்க்குப் போகும் பங்கைக் கசகசா இல்லாமல் தனியே சுட்டுவிடுங்கள்.