விளையாட்டுக்கு விபிஎன்: பணம் கட்டும் முன் சோதியுங்கள்

விபிஎன் (இணையத் தரவை இன்னொரு சர்வர் வழியே அனுப்பும் சேவை) போட்டாலே பிங் (தரவு சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்) குறையும் என்பதை நம்பாதீர்கள். என் தம்பி கோயம்புத்தூரிலிருந்து வாலரண்ட் ஆடுகிறான், சர்வர் மும்பையில். நேர்வழி சீராக இருக்கையில் நடுவே இன்னொரு சர்வரை நுழைத்தால் தாமதம் கூடத்தான் செய்யும்.

முதலில் வைஃபையை விட்டு லேன் கேபிளில் ஆடிப் பாருங்கள். பெரும்பாலான தொல்லை அங்கேயே தீரும். தீரவில்லையா? தரவு எந்த வழியே போகிறது என்று காட்டும் ட்ரேஸ்ரூட் சோதனையைக் கணினியில் செய்யுங்கள். மும்பைக்குப் போக வேண்டிய தரவு சிங்கப்பூரைச் சுற்றி வந்தால் மட்டுமே விபிஎன் கைகொடுக்கக்கூடும்.

அப்போதும் ஒரு மாதத் திட்டம் போதும். கவனம்: பயனர் விவரங்களை 5 ஆண்டுகள் சேமிக்கச் சொல்லி விபிஎன் நிறுவனங்களுக்கு இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் உத்தரவிட்டதும், நார்ட்விபிஎன், எக்ஸ்பிரஸ்விபிஎன் போன்றவை இந்திய சர்வர்களை அகற்றின. பட்டியலில் ‘இந்தியா’ என்றிருந்தாலும் இயந்திரம் சிங்கப்பூரில் இருக்கலாம், வாங்குமுன் கேளுங்கள். நெரிசலான இரவு நேரத்தில், விபிஎன் இல்லாமலும் அதனுடனும் ஆடி, விளையாட்டே காட்டும் பிங்கையும் பாக்கெட் இழப்பையும் (வழியில் தொலையும் தரவுத் துண்டுகள்) ஒப்பிடுங்கள்.

வீரர்களின் கணினிகள் நேரடியாக இணையும் விளையாட்டுகளில் ஐபி முகவரியை (உங்கள் இணைய இணைப்பின் அடையாள எண்) மறைப்பது உண்மையான பயன். போலித் தரவைக் கொட்டி இணைப்பை முடக்கும் டிடாஸ் தாக்குதலுக்கு எதிராக அது நல்ல கவசம். வேறு நாட்டு விலையில் விளையாட்டுகளை வாங்க ஸ்டீம் என்ற இணையக் கடையில் விபிஎன் போடாதீர்கள். அது விதிமீறல், கணக்கே முடங்கலாம்.