தரையைத் தொடாத கிரைண்டர்: பிரதிபலிப்பு வரைவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் ஆபீஸுக்குப் புதிதாக வந்த தம்பி, கல்யாண ஆல்பத்துக்கான ஒரு படத்தைத் திறந்து காட்டினான். முன்னால் ஆழியாறு அணைத் தண்ணீர். அக்கரைப் பாறைமேல் மாப்பிள்ளையும் பெண்ணும். அவர்களுக்குப் பின்னால் தென்னை, அதற்கும் பின்னால் வால்பாறை மலை. எடுத்த அன்றைக்குக் காற்று அடித்ததால் தண்ணீரில் பிம்பமே விழவில்லை. தம்பி மேல்பாதியை அப்படியே தலைகீழாக்கிக் கீழே ஒட்டி, ஒபாசிட்டியை, அதாவது படத்தின் அழுத்தத்தை, குறைத்து வைத்திருந்தான். "நல்லாயிருக்குதுங்களாண்ணா?"

15 வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே வேலை. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இந்த வேலைக்கு ஃபோட்டோஷாப்பில் குளோன் ஸ்டாம்பும் உதவும். படத்தின் ஒரு இடத்தை (அதுதான் சோர்ஸ்) எடுத்து இன்னொரு இடத்தில் தடவுகிற கருவி அது. அசல் லேயரிலேயே (லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற படத் தாள்) கை வைப்பது, ஆல்ட் அழுத்திச் சோர்ஸ் எடுக்க மறப்பது எல்லாம் இரண்டு தரம் திட்டு வாங்கினால் சரியாகிவிடும். அதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை.

தலைகீழாக்கினால் போதும் என்று நம்புவது

கோவையில் டிசைன் வேலைக்கு வந்தவன் வெட் கிரைண்டரைத் தொடாமல் தப்பிக்க முடியாது. புவிசார் குறியீடே வாங்கிய பொருள். எனக்கு முதலில் தனியாகக் கிடைத்த வேலையும் ஒரு கிரைண்டர் கேட்லாக்தான். அட்டையில் டில்டிங் கிரைண்டர். ஒரு மூலை நம்மைப் பார்த்தபடி இருக்கும், கொஞ்சம் மேலிருந்து எடுத்த படம். பாத்திரத்துக்குள் கிடக்கிற கல்கூடத் தெரியும். வெள்ளைப் பின்னணி, கீழே பளபளவென்று பிரதிபலிப்பு. அப்போது அதுதான் மோஸ்தர். நகல் எடுத்தேன், ஃபிளிப் வெர்டிகல் அடித்தேன், கீழே இறக்கினேன், கீழே போகப் போக மங்கும்படி மாஸ்க்கில் கிரேடியன்ட் இழுத்தேன். பத்து நிமிட வேலை. மானிட்டரில் ஜொலித்தது. ஆப்செட்டில் 2000 பிரதி அடித்தாயிற்று.

கம்பெனிக்காரர் ஒரு பிரதியைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, இது தரையில நிக்குதுங்களா, அந்தரத்துல தொங்குதுங்களா?"

அப்போதுதான் என் கண்ணுக்கே பட்டது. நாலு காலில் முன்கால் மட்டும்தான் தன் பிம்பத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துக் கால்கள் இரண்டுக்கும் கீழே ஒரு விரல் இடைவெளி. பின்கால் இன்னும் மேலே. அவர் அதோடு விடவில்லை. "அப்புறம் இந்தக் கல்லு, கீழ இருந்து பாத்தாலும் தெரியுமுங்களா?" தலைகீழ்ப் பிம்பத்திலும் பாத்திரத்தின் உள்பக்கம் தெரிந்தது. ஆயுள் முழுக்கக் கிரைண்டருக்கு அடியில் படுத்து போல்ட் முடுக்கியவரிடம் அந்தப் படம் செல்லுபடியாகுமா? மறுபடி அச்சடித்த செலவு மூன்று மாதச் சம்பளமாகக் கழிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான். அதைவிட எரிச்சல், அதே படம் வேறு வேறு கம்பெனிப் பெயரில் இன்னும் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பது.

விஷயம் இதுதான். பிரதிபலிப்பு என்பது கேமரா பார்த்ததன் நகல் அல்ல. தரைக்கு மேலே இரண்டரை அடியில் கேமரா இருந்தால், தரைக்குக் கீழே இரண்டரை அடியில் இன்னொரு கேமரா இருந்து மேல்நோக்கிப் பார்த்தால் என்ன தெரியுமோ, அதுதான் பிரதிபலிப்பில் தெரியும். ஆகவே பொருளின் அடிப்பக்கம் தெரியும், மேல்பக்கம் தெரியாது. பாலத்துக்கும் குடைக்கும் இதே கணக்குத்தான்.

சரி செய்ய இரண்டு வழி. பெட்டி மாதிரிப் பொருள் என்றால் தெரிகிற இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக வெட்டி, தலைகீழாக்கி, ஸ்கியூவில் சாய்த்து, அடிவிளிம்போடு விளிம்பு ஒட்ட வைக்கலாம். மேல்பக்கத்தைத் தொடவே கூடாது. கால், பாத்திரம், மோட்டார் என்று சிக்கலான பொருளுக்கு அது ஒத்துவராது. அன்றைக்கு நாங்கள் கடைசியில் செய்தது: கிரைண்டரை நாலு பேர் பிடித்து இரண்டரை அடி மேசைமேல் ஏற்றினோம். கேமராவைத் தரையோடு தரையாக வைத்து, அதே தூரம், அதே ஜூம், முன்பு கீழே சாய்ந்த அளவுக்கு இப்போது மேலே சாய்த்து ஒரு படம். அதைத் தலைகீழாக்கி வைத்ததும் நாலு காலும் நாலு காலோடு போய் ஒட்டின.

தம்பியின் படத்துக்கு வருவோம். ரொம்ப தூரத்தில் இருக்கும் மலையை அப்படியே தலைகீழாக்கினால் யாரும் குறை சொல்ல முடியாது. கேமராவின் உயரம் அங்கே எம்மாத்திரம். ஆனால் பக்கத்தில் இருக்கிற தென்னை, நிஜத்தில் மறைப்பதைவிடத் தண்ணீரில் மலையைக் கூடுதலாக மறைக்கும். ஆகவே மலை ஒரு லேயர், தென்னை ஒரு லேயர் என்று பிரித்தே ஆக வேண்டும். ஜோடி நின்ற பாறை வேறு தண்ணீருக்கு இரண்டடி மேலே. தம்பி காலடியிலேயே பிம்பத்தைத் தொடங்கிவிட்டான். முதலில் பாறையின் முகம் விழ வேண்டும், அதற்குக் கீழேதான் செருப்பு. விளிம்பிலிருந்து தள்ளி நின்றிருந்தால் முழங்காலுக்குக் கீழே தெரியாமலேகூடப் போகலாம்.

அலைன்ட் டிக்கை எடுத்துவிடுவது

குளோன் ஸ்டாம்பில் 'அலைன்ட்' என்ற கட்டத்தின் டிக்கை எடுத்துவிட்டால், ஒவ்வொரு தரம் மவுஸை விட்டுத் தொடும்போதும் சோர்ஸ் எடுத்த பழைய இடத்திலிருந்தே தொடங்கும். ஒரே தென்னை நாலு தரம் முளைக்கும்.

குளோன் சோர்ஸ் பேனலைத் திறக்காமலே இருப்பது

ஃபோட்டோஷாப்பில் விண்டோ மெனுவில் இருக்கிறது. உயரத்துக்கான கட்டத்தில் மைனஸ் 100 போட்டால் ஸ்டாம்ப் தலைகீழாகவே வரையும். ஐந்து சோர்ஸ் வரை வைத்துக்கொள்ளலாம். மென்மையான பிரஷில், தண்ணீர் இருக்கிற இடத்தில் மட்டும், கரைக் கல்லையும் கோரைப்புல்லையும் விட்டுவிட்டுத் தடவலாம். ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் வேலை செய்கிறவர்கள் தலைகீழாக்கிய நகல் லேயரிலிருந்து கன்ட்ரோல் அழுத்தி எடுக்கலாம்.

எங்கும் ஒரே ஒபாசிட்டி

நேர் மேலிருந்து பார்த்தால் தண்ணீர் திருப்பி அனுப்புவது சுமார் 2 சதவீத வெளிச்சம்தான். பார்வை சாயச் சாயக் கூடி, தூரத்தில் கிட்டத்தட்டக் கண்ணாடியாகிவிடும். ஆகவே அக்கரையோரம் பிம்பம் அழுத்தமாகவும், நம் காலடியில் மங்கி அடிமண் தெரிகிற மாதிரியும் வர வேண்டும். நொய்யல் மாதிரிக் கலங்கிய தண்ணீர் என்றால் வெளுப்பெல்லாம் கொஞ்சம் மங்கும், கறுப்பெல்லாம் கொஞ்சம் வெளுக்கும்.

குறுக்கே கலைப்பது

இருட்டிய பிறகு உக்கடம் பெரியகுளக் கரையில் நின்று பாருங்கள். எதிர்க்கரை விளக்கு ஒவ்வொன்றும் நம்மை நோக்கி நீளமாக, தூண் மாதிரி இறங்கும். அலை பிம்பத்தை மேலும் கீழுமாகத்தான் இழுக்கும். மோஷன் பிளர் (ஒரே திசையில் இழுத்துக் கலைக்கிற ஃபில்டர்) வைத்தால் கோணம் 90 டிகிரி, அதாவது மேலும் கீழுமாக. பக்கத்து அலை பெரிது, தூரத்து அலை நூல்.

பிம்பத்தைச் சாய்ப்பது

வெயிலுக்கு நிழல்தான் சாயும். பிம்பம் நேர் கீழே.

எல்லாவற்றையும் வரைய நினைப்பது

டேபிள் டாப் கிரைண்டர், சின்ன பம்ப் மாதிரி வேலை வந்தால் இப்போதெல்லாம் நான் பிரதிபலிப்பை வரைவதே இல்லை. கறுப்பு அக்ரிலிக் ஷீட்டின் மேல் வைத்து எடுத்துவிடுகிறேன். முகம் பார்க்கும் கண்ணாடி வேண்டாம். முன்பரப்பில் ஒன்று, பின்னால் ரசத்தில் ஒன்று என்று இரட்டைப் பிம்பம் காட்டும். அக்ரிலிக்கில் ஒரே தொல்லை, துடைக்கத் துடைக்கத் தூசியும் கைரேகையும் ஒட்டிக்கொள்ளும். அதை எடுக்கத்தான் இப்போது எனக்குக் குளோன் ஸ்டாம்ப் தேவைப்படுகிறது.